களவெட்டிக்குப் போன எண்ணெய்ச் சட்டி

கராஜ் தம்பிமாரே, எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. கராஜில் இருந்த காலத்திலும் அப்படித்தான். நீங்கள் ஏதாவது கேட்டால் ஸ்பானரை எடுத்துச் செய்து காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இப்போது காது மந்தமாகி, இஞ்சின் சத்தத்தில் நல்லதையும் கெட்டதையும் பிரித்து அறிய முடியாமல் போய்விட்டது. காது கேளாதவன் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. அதனால் ஐம்பது வயதுக்கு முன்பே விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை கண்டால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை கராஜ் பக்கம் வந்தேன். உங்களில் ஒருவர் ஒரு சின்ன மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு வேறு கம்பனியின் எயார் கிளீனரைப் பூட்டிக்கொண்டிருந்தார். குழாயின் வாய் அளவு பொருந்தவில்லை. தகரத்தில் ஒரு வளையம் வெட்டி, இடையில் தோல் வைத்து, அழகாகப் பொருத்தியிருந்தார். காற்று வேறு வழியால் போகிறதா என்று அறிய, கிளீனரின் வாயை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார். இஞ்சின் உடனே திணறியது. நல்ல வேலை. நான் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஏறாவூரில் மீராசா என்று ஒரு முஸ்லிம் அண்ணன் இருந்தார்; காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நெசவுக்காரர். தன் தறிகளை விற்று ஒரு சின்ன மண்ணெண்ணெய் இஞ்சினை வாங்கினார். அரிசி ஆலை போடப்போகிறார் என்று ஊரார் நினைத்தார்கள். அவரோ ஒரு தச்சரைப் பிடித்து மரத்தில் பெரிய காற்றாடி ஒன்று செய்வித்தார். இஞ்சினையும் காற்றாடியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, அறுவடைக் காலத்தில் நெல் மிதிக்கிற களவெட்டி களவெட்டியாகப் போனார். கதிரைக் குவித்து மாட்டால் சூடு மிதித்த பிறகு நெல்லையும் பதரையும் பிரிக்கக் காற்று வேண்டும். காற்று விழுந்துபோன நாட்களில் மிதித்த நெல் குவியலாகக் கிடக்கும். சனங்கள் மரக்கிளையைப் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். காக்கா போய் இஞ்சினை இயக்கி, பெல்ட்டைக் கொழுவி, காற்றாடியைச் சுழலவிடுவார். "காத்து விக்கிற காக்கா" என்று அவருக்குப் பெயர் வந்துவிட்டது. அவருக்கும் அந்தப் பெயரில் ஒரு பெருமை.

முதல் போகத்திலேயே இஞ்சினுக்கு நெஞ்சு நோய் வந்தது. களவெட்டித் தூசு நீங்கள் நினைக்கிற றோட்டுத் தூசு அல்ல. நெல்லின் சுணை இருக்கிறதே, அது ஊசி மாதிரி. அது சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் றிங்குகளைத் தின்றுவிட்டது. காக்கா என்னிடம் கொண்டுவந்தார். டவுனில் ஒரு கடையில் அந்த இஞ்சினுக்குரிய றிங்குகள் ஒரே ஒரு செட் மிஞ்சியிருந்தது. கடைக்காரர் அதைத் தரும்போதே, இனிக் கப்பல் வந்தால்தான், கப்பல் வருவது யுத்தம் முடிந்தால்தான் என்று சொன்னார். மாற்றிக் கொடுத்தேன்.

"இந்த றிங்கயும் மறுகாத் தின்னுமே தம்பி?" என்று காக்கா கேட்டார்.

"தின்னும் காக்கா. மூக்க மூடினாத்தான் தப்பும்."

அந்த இஞ்சினுக்குக் கம்பனி எயார் கிளீனர் வைக்கவில்லை. அந்தக் கம்பனிக்காரன் களவெட்டியைக் கண்டிருக்க மாட்டான். உடைந்த லொறிகளை இரும்புக்கு விற்கிற இடத்தில் தேடி ஒன்றைப் பிடித்தேன். எண்ணெய்ச் சட்டி உள்ள மாதிரி. உங்களுக்குத் தெரியும்: காற்று முதலில் சட்டியில் உள்ள எண்ணெயின் மேல் மோதும், தூசு எண்ணெயில் ஒட்டும், மிச்சக் காற்று கம்பி வலைக்குள்ளால் ஏறி இஞ்சினுக்குப் போகும். லொறிக்குச் செய்தது சின்ன இஞ்சினுக்குப் பெரிதுதான். ஆனால் பெரிதாக இருந்தால் மூச்சுத் தட்டாது. இரும்புப் பட்டியில் தாங்கு செய்து, தகர வளையம் வெட்டிப் பூட்டினேன். சட்டியின் பக்கத்தில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே ஒரு சிறு துளை போட்டு மரத்தக்கையால் அடைத்தேன். தக்கையை எடுத்து ஓர் ஈர்க்கை விட்டால் எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும்.

ஏறாவூர்ப் பக்கத்துக் களங்களில் அதைப் பூட்டி ஓட்டினோம். நானே பக்கத்தில் நின்று ஈர்க்கு விட்டுப் பார்த்தேன். காலையில் விட்ட எண்ணெய் பின்னேரம் வரைக்கும் நின்றது. பின்னேரம் கழற்றிக் கழுவும்போது சட்டிக்குள் கரிச்சேறு மாதிரித் தூசு கிடந்தது. அதைக் காக்காவிடம் காட்டினேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "அல்லா! இவ்வளவும் போன போகத்தில இதிட வயித்துக்குள்ள போன சாமானா?" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது.

பிறகு கிரான் பக்கத்து வயல்வட்டையில் மூத்தாப் போடியாரின் களத்துக்கு அழைப்பு வந்தது. நிறைய வயல் உள்ளவர். மிதித்த நெல் மலை மாதிரிக் கிடந்தது. காற்று அடியோடு இல்லை. காலம் தப்பின மழை வேறு நாலா பக்கமும் பெய்துகொண்டிருந்தது. அவருடைய வயலைப் பொறுப்பெடுத்துச் செய்கிற முல்லைக்காரர் சாமித்தம்பி அண்ணன், எங்கள் வண்டியை வழியிலேயே மறித்துப் பார்த்தார். சிரிக்கப் பேசுகிற வாய்க்காரர்.

"என்ன தம்பி, இஞ்சினுக்குச் சோத்துச் சட்டியக் கட்டித் தூக்கியிருக்கிறீங்க?"

"அது மூக்கு அண்ணன். தூசு போகாம."

"மூக்கா! எங்கட போடியாரிட மூக்கக் காட்டிலும் பெரிசாக் கிடக்கு. அவரிட்டச் சொல்லிராதீங்க."

காக்கா வயிறு குலுங்கச் சிரித்தார்.

களத்தின் வரம்பருகில் வந்ததும் காக்கா என்னை நிறுத்தினார். "செருப்பக் கழத்து தம்பி. உள்ளுக்க நிண்டு 'இல்லை', 'காணாது', 'முடிஞ்சுது' எண்டு ஒண்டும் கதைக்கப்படாது. குறை சொன்னா நெல்லுப் பொலி குறைஞ்சிரும் எண்டு இவங்கட வழக்கம். எங்கட ஆக்களும் அப்பிடித்தான்."

நான் வாவியில் வலை போடுகிற குடும்பத்துப் பிள்ளை. ஏறாவூர்க் களங்களில் யாரும் இதை என்னிடம் சொன்னதில்லை, களத்து வழக்கங்கள் எனக்குப் புதிது. ஆனாலும் அது கஷ்டமாகத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாக வரும்.

அங்கே நிலைமை வேறு மாதிரி இருந்தது. குவியல் பெரிது என்பதால் காற்றாடியை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். மரக் காற்றாடியின் அச்சுச் சூடேறும், பெல்ட் வழுக்கும். நான் அந்தப் பக்கத்தை விட்டு அசைய முடியாது. இஞ்சின் பக்கத்தில் வாளியோடு நின்று இஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். சாமித்தம்பி அண்ணன் தானே நிற்பதாகச் சொன்னார். வேலை தொடங்குமுன் வரம்புக்கு வெளியே வைத்து அவருக்குத் துளையைக் காட்டினேன். ஈர்க்கில் ஓர் அடையாளம் கீறிக் கொடுத்தேன்.

"இதுக்குக் கீழ இறங்கினா எனக்குச் சொல்லுங்க அண்ணன்."

"ஓம் தம்பி. இதென்ன பெரிய வேலையா? மாட்டுக்குப் பல்லுப் பாக்கிறதக் காட்டிலும் லேசு."

உள்ளே குறை பேசக் கூடாது என்று காக்கா எனக்குச் சொல்லியிருந்தார். குறையும்போது சொல்லுங்கள் என்று நான் சாமித்தம்பி அண்ணனுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டும் ஒரே நாள் காலையில், ஒரே இடத்தில் நடந்தவை. இரண்டையும் நாங்கள் மூன்று பேரும் சேர்த்து நினைக்கவில்லை.

இஞ்சினை இயக்கக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். பெற்றோல் அந்தக் காலத்தில் மருந்துக்குக் கிடைப்பதுபோல்தான் கிடைத்தது. காக்காவின் போத்தலில் கடைசியாகக் கிடந்ததை அன்று காலை ஊற்றி இயக்கினோம். மிச்சம் இல்லை. இன்று நிறுத்தாமல் ஓட்டினால் குவியல் முடியும், நாளைக்கு வேறு பெற்றோல் தேடலாம் என்பது கணக்கு. கிளீனருக்கு ஊற்றுகிற எண்ணெய்த் தகரத்தை ஊருக்குள் போடியாரின் வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தோம். காலையில் நிரப்பினால் பின்னேரம் வரைக்கும் நிற்கும் என்று பழக்கப்பட்டதால் அதைக் களத்துக்குக் கொண்டுவரத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்வர வயல்களுக்குள்ளால் நெடுந்தூரம்.

காலை நேரம் நன்றாக ஓடியது. நெல் ஒரு பக்கம் விழ, பதர் எதிர்ப்பக்கம் பறந்தது. ஆனால் காற்று இல்லாத நாள் என்பதால் பறந்த சுணை எங்கும் போகவில்லை. பனிப்புகார் மாதிரி எங்களைச் சுற்றியே நின்றது. கண்ணுக்குள், கழுத்துக்குள், மூக்குக்குள். அந்த நெல்லுக்குச் சுணையும் கூட. காக்கா சால்வையால் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். இடைக்கிடை நான் இஞ்சின் பக்கம் பார்ப்பேன். சாமித்தம்பி அண்ணன் தக்கையை எடுத்து ஈர்க்கு விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் என்ன மாதிரி என்று தலையை அசைத்துக் கேட்டேன். அவர் ஈர்க்கை மடியில் செருகிக்கொண்டு வாளியை எடுத்தார். பார்க்கிறார்தானே, குறைந்தால் சொல்லுவார் என்று நான் காற்றாடிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

மதியம் மேற்கே வானம் கறுத்தது. வழக்கமாகச் சாப்பாட்டுக்கு எல்லாரும் களத்தை விட்டு வெளியே ஒரு மருத மரத்தடிக்குப் போவார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று போடியார் சோற்றை உள்ளேயே கொண்டுவரச் சொன்னார். ஆள் மாறி ஆள் நின்றபடியே தின்றோம்.

அதற்குப் பிறகுதான் சத்தம் மாறியது. முதலில் இஞ்சின் இருமவில்லை, கனத்தது. சுமை ஏறிய மாடு மாதிரி. பிறகு புகை கறுத்து வந்தது. காற்றாடியின் வேகம் விழுந்து, நெல்லோடு பதரும் சேர்ந்து விழத் தொடங்கியது. நான் ஓடிப்போய்ச் சட்டியைத் தொட்டுப் பார்த்தேன். தக்கையை எடுத்து ஈர்க்கை விட்டேன். ஈர்க்கு நனையாமல் வந்தது. நுனியில் களி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. சுணை எண்ணெயைக் குடித்துவிட்டு வலையை அடைத்திருந்தது. காற்றுப் போதாத இஞ்சின் மண்ணெண்ணெயை எரிக்காமல் விழுங்குகிறது என்று விளங்கியது.

சாமித்தம்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரம்பைத் தாண்டி வெளியே போனார். அங்கே போய் நின்றதும்தான் வாய் திறந்தார்.

"காலத்தாலயே வத்திட்டு தம்பி."

"காலையிலயா? ஏன் அண்ணன் சொல்லல்ல?"

"உள்ளுக்க நிண்டு அதெப்பிடிச் சொல்லுற? பொலிக்கு முன்னால நிண்டு வத்திட்டு எண்டு சொல்லச் சொல்லுறீங்களா? சோத்துக்கு வெளியால போவம்தானே, அப்ப சொல்லுவம் எண்டு இருந்தன். இண்டைக்குச் சோறே உள்ளுக்கு வந்திட்டு."

"நடுவில ஒருக்கா வெளியால கூப்பிட்டிருக்கலாமே?"

"நான் வாளிய வச்சிட்டு வந்தாத் தண்ணி ஆரு ஊத்துற? அதுவும் வத்திரும். கொஞ்ச நேரந்தானே, தாங்கும் எண்டு நினைச்சன் தம்பி."

அவர் முகம் வெளிறியிருந்தது. அவர் மேல் கோபப்பட எனக்கு வழி இருக்கவில்லை. அவர் தன் களத்துக்குச் சரியாக நடந்திருந்தார்.

காக்காவும் வந்துவிட்டார். உள்ளே போடியார் எங்கள் மூவரையும் பார்த்தபடி நின்றார். வானத்தையும் பார்த்தார். இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. இயந்திரம் கெடப்போகிற நேரத்தில் மெக்கானிக்கிடம் கேட்பது "சரிவருமா?" என்றுதான். சரிவரும் என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, நமக்கும் தப்பித்துக்கொள்ள வழி. எனக்கும் அப்படிச் சொல்லிவிட நாக்குத் துடித்தது. ஆனால் அந்த இஞ்சின் என்னுடையது இல்லை. காக்காவின் தறிகள்தான் அந்த உருவத்தில் நின்றுகொண்டிருந்தன. ஆகவே எனக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னேன்.

"காக்கா, இப்பிடியே சட்டியோட ஓட்டினா மண்ணெண்ணெய் கீழ இறங்கி எண்ணெயோட கலந்திரும். மழைக்கு முதல்ல பெயாரிங் பிடிச்சிரும். நெல்லும் போகும் இஞ்சினும் போகும்."

"நிப்பாட்டினா?"

"நிப்பாட்டினா இஞ்சின் தப்பும். கழுவி, போடியாரிட ஊட்டுக்கு ஆள் போய் எண்ணெய் எடுத்து வாறதுக்குள்ள ஆறிரும். பெற்றோல் இல்லாம மறுகா இண்டைக்கு இயங்காது."

"மூண்டாவது வழி இருக்கா?"

"சட்டியக் கழத்திப்போட்டு ஓட்டலாம். நெல்லு தப்பும். எண்ணெய்க்கு ஆள் போனாலும் மழைக்கு முதல் வந்து சேராது."

"அப்ப இஞ்சின்?"

"இண்டைக்கு நிக்காது. ஆனா இந்தச் சுணைக்குள்ள, இவ்வளவு நேரம்... றிங் போயிரும். சிலிண்டரும் கீறும்."

"றிங் எடுக்கேலாது, என்ன?"

"யுத்தம் முடியுமட்டும் ஏலாது காக்கா."

சாமித்தம்பி அண்ணன் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். காக்கா கையைக் காட்டி நிறுத்தினார். குவியலில் பாதிக்கு மேல் தூற்றாமல் கிடந்தது. அந்த நெல்லை நம்பிப் போடியார் மட்டும் இருக்கவில்லை; அறுத்தவர்கள், மிதித்தவர்கள், அவர்கள் வீட்டில் உள்ளவர்கள். யுத்த காலத்தில் அரிசி எப்படி இருந்தது என்று உங்கள் தாய்மாரிடம் கேளுங்கள். நனைந்தால் தூற்ற முடியாது, காயவைக்கவும் வெயில் இல்லை, முளைத்துவிடும்.

"நிப்பாட்டினாப் போடியார் ஒண்டும் சொல்ல மாட்டார்," என்றேன். காக்கா தன் பொருளைக் காத்துக்கொள்வதற்கு ஒரு வழி திறந்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"அவர் சொல்ல மாட்டார். நல்ல மனிசன்," என்றார் காக்கா. "நெல்ல நனைய விட்ட இஞ்சின் எண்டு பேரெடுத்திட்டு, அத நான் ஏறாவூருக்கு இழுத்துக்கொண்டு போய் என்ன செய்ய தம்பி? பாத்துக்கொண்டு இருக்கவா? கழத்து."

நான் அசையவில்லை.

"கழத்து எண்டுறன்."

உள்ளே போனோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டியைத் தளர்த்திச் சட்டியை உருவி எடுத்தேன். இஞ்சின் உடனே மூச்சை இழுத்து வேகம் பிடித்தது. காற்றாடி பழையபடி சுழன்றது. களத்தில் நின்றவர்கள் "பொலியோ பொலி" என்று சத்தம் போட்டார்கள். அவர்களுக்கு இஞ்சினைத் திருத்தியாகிவிட்டது. எனக்கு அந்தத் திறந்த வாய் சுணையை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. நனைத்த துணியை வாயில் கட்டிப் பார்த்தேன். சுணை அப்பிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. அவிழ்த்துவிட்டேன். கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி எண்ணெய் இல்லாமலே வைத்தேன். அதுவும் அடைத்தது. எடுத்துவிட்டேன். பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

காக்கா முகத்தில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்து, இஞ்சினின் வாய்க்கும் காற்றாடிக்கும் நடுவில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அதனால் தடுபட்டது மிகக் கொஞ்சம். நான் அதைச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவர் அப்படியே நின்றார். முகமும் தாடியும் சுணையால் வெளுத்துப் போயின. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. சுணை பட்டால் எல்லாருக்கும் வடியும்.

கடைசிச் சாக்கைக் கட்டும்போது பெரிய துளிகள் விழத் தொடங்கின. வைக்கோலையும் படங்குச் சீலையையும் போட்டு மூடினார்கள். கொஞ்சம் நனைந்தது. பெரும்பாலும் தப்பியது. போடியார் காக்காவைக் கட்டிப் பிடித்து, "மீராசா, நீ ஆளில்லடா, காத்து" என்றார். களத்தார் சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார். சாமித்தம்பி அண்ணன் மட்டும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் மழையில் இருந்தார்.

வண்டியில் திரும்பும்போது காக்கா என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "போடியாருக்குச் சொல்லாத. அவர் அறிஞ்சா அந்த நெல்லு அவருக்கு இறங்காது." நான் சொல்லவில்லை. போடியார் காலமாகிவிட்டார், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் போகத்தில் இன்னும் சில களங்களுக்கு இஞ்சின் போனது. சட்டியைக் கழுவி, எண்ணெய் ஊற்றி, நான் திரும்பப் பூட்டித்தான் அனுப்பினேன். அதற்குப் பிறகு தூசு உள்ளே போகவில்லை. போனது போனதுதான். நாளுக்கு நாள் அழுத்தம் குறைந்தது. கைபிடியைச் சுற்றும்போது எதிர்த்து நிற்கிற உரம் இல்லை. புகைக் குழாயில் எண்ணெய் கக்கியது. பழைய றிங்குகளைத் தட்டி விரித்துப் போட்டேன், வேறு இஞ்சினின் றிங்கை அரத்தால் ராவிப் போட்டேன். ஒருநாள் காற்றாடியைச் சுற்ற முடியாமல் நின்றுவிட்டது. அதை ஏறாவூரில் அவர் வீட்டுக் கொட்டில் மாலுக்குள் தள்ளி, படங்குச் சீலையால் மூடினோம். யுத்தம் முடிந்தால் றிங் வரும் என்று காக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் என்று, வேறொருவரின் தறியில் கூலிக்கு நெய்யப் போனார்.

ஒருநாள் சாமித்தம்பி அண்ணன் ஒரு முட்டி எருமைத் தயிரோடு கராஜுக்கு வந்தார். கராஜ் வாசலில் கனநேரம் இருந்தார். "அது சரிவருமா தம்பி?" என்று கேட்டார். வரும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வராது என்று சொல்லவும் வாய் வரவில்லை. தயிரைக் காக்கா வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அங்கே போக அவருக்குத் துணிவு வரவில்லை. முட்டியை என்னிடமே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் ஒருமுறை காக்காவிடம் கேட்டேன், நிறுத்தச் சொல்லாமல் விட்டோமே என்று எப்போதாவது தோன்றுமா என்று.

"அந்த முடிவப் பத்தி எனக்குக் கவல இல்ல தம்பி. காலத்தாலயே வத்திட்டு எண்டு அறிஞ்சிருந்தா ஒரு ஆள அனுப்பி எண்ணெய எடுப்பிச்சிருப்பம். முடிவெடுக்க ஒண்டும் இருந்திருக்காது. அதான் இடைக்கிடை வருது."

தம்பிமாரே, அதற்குப் பிறகு எதைப் பூட்டினாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பூட்டுகிற சாமானுக்கு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை இருந்தால், யார் பார்ப்பார், யாரிடம் சொல்லுவார், அந்த இடத்தில் அவரால் சொல்ல முடியுமா என்று விசாரிப்பேன். களவெட்டி ஒன்றுதான் அப்படி என்று நினைக்காதீர்கள். ஆலையில் முதலாளி வாய்க்குப் பயந்து எண்ணெய் முடிந்ததைச் சொல்லாமல் ஓட்டுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். எங்கள் வாவிக்காரரும் தோணியில் இருக்கும்போது சில பேச்சுப் பேசமாட்டார்கள். எந்த இடத்திலும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அதை மாற்றுவது நம்முடைய வேலை அல்ல. அதை அறிந்துகொண்டு, குறையைச் சொல்லாமலே தெரியவைக்க ஒரு வழி செய்துவிட்டுப் பூட்டுங்கள். எண்ணெய்த் தகரத்தைச் சட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். பார்க்கிறவரே ஊற்றட்டும். அவ்வளவுதான். அன்று அந்தத் தகரம் அங்கே இருந்திருந்தால் சாமித்தம்பி அண்ணன் பேசாமலே ஊற்றியிருப்பார், தண்ணீர் ஊற்றியதுபோல.

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்துக் கப்பலில் றிங்குகள் வந்தன. அந்த இஞ்சினுக்கு உரியவை. கடைக்காரர் எனக்குச் சொல்லியனுப்பினார். வாங்கிக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். காக்கா அன்று தறிக்குப் போகவில்லை. சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, படங்குச் சீலையை எடுத்து, இஞ்சினைத் துடைத்து வைத்திருந்தார். வீட்டாரும் மாலில் வந்து நின்றார்கள்.

பிஸ்டனைக் கழற்றி, புது றிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் அளப்போம். அடியில் சரியாக நின்றது. மேலே கொண்டுவந்தபோது றிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் என் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. சுற்றிவரவும் வெளிச்சம் தெரிந்தது. சுவர் முழுக்க நீளக் கீறல். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம், அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், பெரிய பிஸ்டன் வேண்டும். இந்தச் சின்ன இஞ்சினுக்குக் கம்பனிக்காரர் பெரிய பிஸ்டன் செய்வதில்லை. நான் றிங்கை இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, தலை நிமிர்த்தப் பயமாக இருந்தது.

"சொல்லு தம்பி."

"இது ஏலாது காக்கா."

"இந்த றிங் ஏலாதா?"

"எந்த றிங்கும் ஏலாது. சிலிண்டர் முடிஞ்சுது."

அவர் கிட்ட வந்து சிலிண்டருக்குள் விரலை விட்டுக் கீறலைத் தடவிப் பார்த்தார். நெசவுக்காரரின் விரல், நூலில் உள்ள முடிச்சைத் தேடுகிறமாதிரித் தேடியது. பிறகு விரலைச் சட்டையில் துடைத்தார். வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது.

"அந்தச் சட்டி?" என்று கேட்டார்.

"சட்டிக்கு ஒண்டுமில்ல. அது நல்லா இருக்கு."

"அப்ப அதக் கழத்திக்கொண்டு போ. ஆருக்காவது பூட்டு. சும்மா கிடக்கப்படாது."

வெல்லாவெளியில் ஒருவர் தண்ணீர் இறைக்கப் புது இஞ்சின் வாங்கியிருந்தார். அதற்குப் பூட்டினேன். அங்கே நன்றாக ஓடுகிறது, தூசும் குறைவு. மீராசாக் காக்கா இன்னும் கூலித் தறியில் நெய்கிறார்.